மேட்டுப்பக்கம் கிடந்த காசு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும் என்று மானேஜர் நினைக்கிறார். மைக்கில் பேசச் சொன்னார். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், செல்வி வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இதில் செல்வியைப் பற்றித்தான் அதிகம் வருகிறது. அவளிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா, அதுல என்ன இருக்கு, நானே வாசிக்கிறேன்" என்றாள். ஆகவே உங்கள் மேஸ்திரியம்மா வாசிக்கும்போது குரல் கொஞ்சம் மாறினால் சிரிக்காதீர்கள்.

புல் வெட்டுவது, குழி மாற்றுவது, கோரையைக் கிழங்கோடு பிடுங்குவது இதையெல்லாம் அவளே உங்களுக்குப் பழக்கிவிடுவாள். நான் சொல்ல வந்தது, இந்தக் கோல்ஃப் மைதானத்தில் நடந்துவந்த டோர்னமெண்டைப் பற்றி.

இன்றைக்கு இந்த இடத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். பின்பக்கத்துக் குழிகள் இருந்த இடம் வீட்டு மனையாகிவிட்டது. மீதி இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மெம்பர்கள் ஆடுகிறார்கள், மற்ற நாளில் மயில் மேய்கிறது. ஆனால் ஒரு காலத்தில் வருஷா வருஷம் புரட்டாசியில் நாலு நாள் இங்கே கோல்ஃப் டோர்னமெண்ட் நடந்தது. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் இல்லை, அதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வந்து ஆடியது. கல்கத்தா, பெங்களூர், சண்டிகர், சிலோன் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். கப்பலூரில் ஃபாக்டரி வைத்திருந்த ஒரு முதலாளி ஆரம்பித்து வைத்தார். பரிசளிப்புக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து ஆளுயர மாலை வரும்.

முதல் வருஷம் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பந்துத் திருவிழா என்று குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டார்கள். கயிறு கட்டி நிறுத்தினார்கள். ஒருவர் பந்தை அடிக்கப் போனால் நூறு பேர் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். "என்னப்பா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேர் மத்தியானமே வீட்டுக்குப் போனார்கள்.

அந்த முதல் வருஷம் எங்கள் ஆளால் ஒரு தப்பு நடந்தது. ஓர் ஆட்டக்காரர் புதருக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண் பாவம் பார்த்து, "தம்பி, இந்தா கிடக்கு" என்று கையைக் காட்டினாள். அவரும் அவசரத்தில் அதை அடித்துவிட்டார். அது வேறொருவர் தொலைத்த பந்து. அடுத்தவர் பந்தை அடித்தால் ரெண்டு அடி அபராதம். அவர் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அது வைததைவிட மோசமாக இருந்தது என்று அவள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தோட்டக்காரர்களுக்குப் பெரியவரான தலைமை மாலி எங்களைக் கூட்டி வைத்தார். என்னை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். பேர் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

"இந்த நாலு நாளைக்கு ஒங்களுக்கு வாய் கிடையாது. கண்ணு, கையி, காலு மட்டுந்தான். ஆட்டக்காரன் கேட்டாலும் சரி, ஆபீஸர் கேட்டாலும் சரி, என்னையக் கையக் காட்டிட்டு நில்லுங்க" என்றார்.

எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்தது. பேச வேண்டாம் என்று ஒருவர் சம்பளம் கொடுத்துச் சொல்கிறாரே என்றிருந்தது. அவர் ஓய்வு பெற்று, பெண்கள் வேலைக்கு நான் மேஸ்திரி ஆன பிறகும் அதையே சொல்லித்தான் புது ஆட்களைச் சேர்த்தேன். அதோடு இன்னொன்றும் சொல்வேன். புல்லில் எது கிடந்தாலும், மோதிரமோ கண்ணாடியோ காசோ, எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு, வேலை முடிந்து போகும்போது ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். நம் ஆட்கள் மேல் ஒரு சொல் வந்துவிடக் கூடாது.

இந்த ரெண்டு சட்டத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரெண்டும் சேர்ந்து ஒரு சாயங்காலம் எங்களை மாட்டிவிட்டன.

செல்வி அந்த வருஷம்தான் வந்தாள். டோர்னமெண்டுக்கு முன்னால் கூடுதல் ஆள் எடுக்கும்போது சேர்ந்தாள். வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு லாரிக்குப் போக முடியாமல் இருந்த சமயம். இந்த நாலு நாளும் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவளுக்கு அந்த வேலை அவ்வளவு முக்கியம். கார் நிறுத்தும் இடத்தில் களை எடுக்க விட்டிருந்தோம். குழி இருக்கும் கிரீன் பக்கமே அவள் வந்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர. கடைசிக் குழியின் கிரீனில் மேட்டுப்பக்கம் வெயிலுக்குக் கருகிப்போன ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டோம். அதற்குப் புல்கட்டி சுமந்து வந்தவள் அவள்.

அந்த வருஷம் இன்னொரு விசேஷம் இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் முதல் இடத்துக்கு மோதிக்கொண்டிருந்த ரெண்டு பேரில் ஒருவன் பாண்டி. பக்கத்து ஊர்ப் பையன். இதே மைதானத்தில் மெம்பர்களுக்குப் பை தூக்கி, அப்படியே ஆடப் பழகி, வெளியூரெல்லாம் போய் ஆடுகிற அளவுக்கு வந்துவிட்டவன். ஒரு டோர்னமெண்ட்கூட ஜெயித்ததில்லை. சொந்த மண்ணில் ஜெயிக்கப் போகிறான் என்று கயிற்றுக்கு வெளியே அவன் ஊரே நின்றது. அமைதி என்று பலகை தூக்கிக்கொண்டு நின்றவரையும் மீறி, "மாப்ள, விட்றாதடா!" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

கடைசிக் குழி. அவனோடு மோதிய சண்டிகர் பக்கத்து வடக்கத்தி ஆட்டக்காரர் தன் பந்தைக் குழியில் போட்டு முடித்துவிட்டார். பாண்டியின் பந்து கிரீன் மேல் நிற்கிறது. ஒரே அடியில் விழுந்தால் கோப்பை அவனுக்கு. ரெண்டு அடி ஆனால் ரெண்டு பேரும் சமம், திரும்ப ஆட வேண்டும். மூன்றானால் போயிற்று. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நாகமலைப் பக்கமிருந்து இடி இடித்தது. உடனே சங்கு ஊதிவிட்டார்கள். மின்னல் என்றால் ஒருவரும் வெளியில் நிற்கக் கூடாது.

இந்த மாதிரி நேரத்தில் ஆட்டக்காரர் பந்து நின்ற இடத்தில் ஒரு காசை அடையாளம் வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போகலாம். திரும்பி வந்து காசு இருக்கும் இடத்தில் பந்தை வைத்து ஆடுவார். பாண்டியும் காசை வைத்துவிட்டு ஓடினான். மழை கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் சூப்பர்வைசர் எங்கிருந்தெல்லாமோ பெண்களைக் கூப்பிட்டார். இருட்டுவதற்குள் ஆட்டம் முடிய வேண்டும். கடைசிக் கிரீனில் தண்ணீர் நின்றது. ரப்பர் கட்டையை வைத்து வரிசையாக நின்று தள்ளினோம். செல்வியும் கட்டையோடு வந்து சேர்ந்துகொண்டாள். நான் மறு ஓரத்தில் இருந்தேன்.

"ஏ செல்வி, என் பொடவையில ஏன்டி தள்ளுற? வாசக் கழுவுறதா நெனப்பா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒங்க பொடவை எப்ப வெளுத்துச்சோ. நாந்தேன் இன்னைக்கு அலசி விடுறேன்" என்றாள் செல்வி.

சிரித்துக்கொண்டேதான் வேலை முடிந்தது. ஓரத்துக்கு இறங்கி வந்ததும் செல்வி முந்தியை அவிழ்த்தாள்.

"அக்கா, இந்தா பாருங்க. அஞ்சு ரூவாக் காசு ஒன்னு கிடந்துச்சு. நான் ஆபீஸ்ல குடுக்கவா, நீங்க குடுக்குறீகளா?"

நான் சொன்னதைத்தான் அவள் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள்.

"எங்கடி கிடந்துச்சு?"

"மேல. நம்ம ஒட்டுப் போட்ட புல்லு இருக்குல்ல, அதுக்கு ஓரத்துல."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் காதில் அது விழுந்துவிட்டது. "அடிப்பாவி, அது பாண்டி வச்ச காசு" என்றார்.

"அவுக காசா? அப்ப கூப்பிட்டு அவுக கையிலயே குடுத்துருவோம்ணே" என்றாள் செல்வி. விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அவள் முகம் செத்துப்போயிற்று. "அப்ப என்னைய வரவேண்டாம்னு சொல்லிருவீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அன்று சொன்னது அவருக்காகச் சொன்னது இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராக்காயிக்கா, எல்லாரும் டெண்டுக்குள்ள இருக்காங்க. ஒரு ஆளும் இங்கிட்டுப் பாக்கல. கட்டைய எடுத்துட்டு இன்னொரு தடவ தண்ணி தள்ளுற மாதிரி போங்க. குழிக்குக் கீழ்ப்பக்கமா காச வச்சுட்டு வந்துருங்க. கீழருந்து மேல அடிக்கிறது லேசு. நம்ம பய ஜெயிச்சுட்டுப் போறான். இவ வேலையும் தப்பிச்சுக்கும்."

"காசு எங்க கிடந்துச்சுன்னு பாண்டிக்குத் தெரியுமேண்ணே."

"தெரியட்டும். அவன் என்ன, காசு நகந்துருச்சுன்னு கையத் தூக்கவா போறான்?"

"தூக்கலைன்னா, காலம் பூரா அந்தக் கோப்பைய வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணுமேண்ணே அவன்."

"பாத்துக்கிட்டு இருக்கட்டுமே. வெள்ளிக் கோப்பை. நம்ம வீட்டுல என்ன இருக்கு பாக்க?"

உண்மையைச் சொன்னால், போய் வைத்துவிடலாம் என்றுதான் ஒரு நிமிஷம் தோன்றியது. பாண்டி ஜெயிப்பான், செல்வி பிழைப்பாள், யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரி இருந்தது. வடக்கத்தி ஆட்டக்காரரை எனக்கு முகம்கூடச் சரியாகத் தெரியாது. அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. முகம் தெரியாததால்தானே அவர் கணக்கில் வரவில்லை? அவரும் நாலு நாள் வெயிலில் நடந்தவர்தான்.

அவசரத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தால் இதைச் செய்து பாருங்கள். நாம் செய்யப் போகும் காரியத்தின் பாரம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். நம் தலையில் என்றால் துணிந்து செய்யலாம். கேட்காமலே இன்னொருவர் தலையில் இறக்கி வைக்கிறோம் என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

"குடு, நானே வச்சுட்டு வாரேன்" என்று சூப்பர்வைசர் கையை நீட்டினார். நான் செல்வியின் விரல்களை மடக்கிக் காசோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "அவ கையிலயே இருக்கட்டும்ணே" என்றேன். அப்போதே ஆட்டம் தொடங்கச் சொல்லி மறுபடியும் சங்கு ஊதிவிட்டது.

வந்தார்கள். முன்னால் நடுவர், கல்கத்தாப் பக்கத்துக்காரர், வயசானவர். பின்னால் பாண்டி, வடக்கத்தி ஆட்டக்காரர், பை தூக்குகிறவர்கள். பாண்டி நேராக மேட்டுப்பக்கம் போனான். குனிந்தான். நின்றான். சுற்றிப் பார்த்தான். கயிற்றுக்கு அப்பால் சத்தம் அடங்கிவிட்டது.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்பதுபோல. "சார்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. செல்வியின் கையைப் பிடித்து விரித்துக் காட்டினேன். நடுவர் காசைப் பார்த்தார், ரப்பர் கட்டையைப் பார்த்தார், என்ன நடந்தது என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எங்கே எடுத்தாள் என்றுதான் கேட்டிருப்பார்.

செல்விக்கு வாயும் வரவில்லை, கையும் வரவில்லை. சூப்பர்வைசர் முன்னால் வந்தார். "டவுன் சைடு சார், டவுன் சைடு" என்று குழிக்குக் கீழே கையைக் காட்டினார்.

நடுவர் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். வடக்கத்தி ஆட்டக்காரர் நெற்றியைச் சுருக்கினார். ஆனால் தன் பந்தைக் குழியில் போட்ட மறுநிமிஷம் சங்குச் சத்தம் கேட்டு ஓடியவர், அடுத்தவர் காசு எங்கே இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் நின்றார். பாண்டி குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனதில் என்ன ஓடியது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

"அங்க இல்ல" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு சத்தமாக வந்தது. நடுவர் திரும்பினார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கயிற்றுக்கு அப்பால் யாரோ, "ஏய், யாரு அந்தப் பொம்பள?" என்றார்கள்.

"மேட்டுப்பக்கம். ஒட்டுப் போட்ட எடத்துல" என்றேன், பாண்டியைப் பார்த்து.

பாண்டி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். பிறகு செல்வியிடம், "அக்கா, செருப்பக் கழட்டிட்டு மேல வாங்க. எங்க எடுத்தீங்களோ அங்கன போயி நில்லுங்க, போதும்" என்றான்.

செல்வி நடந்து போனாள். ஒட்டுப் புல்லின் ஓரத்தில் நின்று கால் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினாள். பாண்டி நடுவரிடம் தலையை ஆட்டினான். அவள் கையிலிருந்து காசை வாங்கி அங்கே வைத்தான். வடக்கத்தி ஆட்டக்காரர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

மேட்டிலிருந்து கீழே அடிக்க வேண்டும். தொட்டால் போதும், பந்து தானாக ஓடும். பாண்டி தொட்டான். பந்து குழியின் உதட்டில் உரசிக்கொண்டு கீழே ஓடிவிட்டது. திரும்பி மேலே அடித்தது குழிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மூன்றாவது அடியில்தான் உள்ளே போயிற்று. கோப்பை சண்டிகருக்குப் போனது.

கூட்டம் எங்களைத் தாண்டித்தான் வெளியே போயிற்று. "நம்ம ஊருச் சோத்தத் தின்னுட்டு வெளியூராளுக்குச் சாட்சி சொல்லுது பாரு" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் இன்னும் மோசமாகச் சொன்னார். நான் கட்டைகளை எண்ணி அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். செல்வி அழுதுகொண்டே ரப்பரில் ஒட்டிய புல்லைத் துடைத்தாள்.

சூப்பர்வைசர் வந்து, "நாளைக்கு இவ வரவேண்டாம்" என்றார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பாண்டி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தான். நின்றான்.

"ஏண்ணே வரவேண்டாம்? நடுவர் கிட்ட நான் கேட்டேன். விதியிலயே இருக்காம். வேலைக்காரங்க கை பட்டுக் காசு நகந்தா யாருக்கும் குத்தம் கிடையாதாம், மழை பெஞ்ச மாதிரித்தானாம். குத்தம் இல்லாதப்ப தண்டனை எதுக்கு?"

"நீ தோத்துட்டு வந்து இதப் பேசுறியேடா" என்றார் சூப்பர்வைசர்.

"தோத்தது என் கைண்ணே. நேத்தும் அதே மேட்டுலருந்து விட்டேன், நேத்து மழையும் இல்ல, இவங்களும் இல்ல." பிறகு என்னைப் பார்த்தான். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்க்கா. கிரீன மட்டும் இதே மாதிரி வச்சிருங்க."

மறுநாள் காலையில் செல்வி எல்லாருக்கும் முன்னால் வந்து கேட்டில் நின்றாள். சூப்பர்வைசர் அவளைப் பார்க்காத மாதிரி ஒரு கட்டையைக் கையில் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் நிரந்தர ஆட்களோடு சேர்த்துக்கொண்டார். என்னோடு அவர் பேச தீபாவளி வரை ஆயிற்று.

அடுத்த வருஷம் ஆவணி பிறந்ததும் வழக்கம்போலப் புல்லுக்கு உரம் போட்டோம், கிரீனை ஒட்ட வெட்டினோம். டெண்ட் ஏற்றிக்கொண்டு லாரி வர வேண்டிய வாரத்தில் வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். பிறகு அங்கேயும் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். பணம் போட்டவர்கள் விலகிவிட்டார்களாம். எங்களிடம் ஒருவரும் வந்து சொல்லவில்லை. புரட்டாசி முடிகிறவரை கிரீனை அப்படியே வைத்திருந்துவிட்டு, அப்புறம் சாதாரணமாக வெட்ட ஆரம்பித்தோம். இந்த மைதானத்தின் டோர்னமெண்ட் அவ்வளவுதான்.

பாண்டி அதற்குப் பிறகு வேறெங்கும் ஜெயிக்கவில்லை. இப்போது கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. கிளப் ஹாலில் ஜெயித்தவர்கள் பெயர் எழுதிய பலகை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதில் அவன் பெயர் இல்லை.

அவன் அம்மாவைப் பரவை மார்க்கெட்டில் சில நேரம் பார்ப்பேன். ஒரு தடவை வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டாள். சண்டை போடுகிற மாதிரி கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏக்கா, அதான் கடைசி வருசம்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, நீ பேசாம இருந்திருப்பியா?"

வெங்காயத்தை நிறுத்து வாங்கி, காசு கொடுத்து, பையில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் சொன்னேன்.

"கடைசி வருசம்னாலும் காசு மேட்டுப்பக்கந்தான்மா கிடந்துச்சு."

என் பையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள்.